விஜிஎம் சீட்டுக்காக நான் வண்டி நிறுத்தும் எடை மேடை

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவைக் கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிற சின்ன யூனிட் எங்களுடையது. மாதம் நாலைந்து நாற்பது அடி கண்டெய்னர், சீசனில் எட்டு வரை போகும், பெரும்பாலும் தூத்துக்குடி வழியாக. ஒவ்வொரு பெட்டியும் கப்பலில் ஏறுவதற்கு முன்னால் அதன் சரிபார்த்த மொத்த எடையை, எல்லோரும் விஜிஎம் என்று சொல்கிற அந்த எண்ணை, நாங்கள்தான் கொடுக்க வேண்டும். அதற்காக இத்தனை வருடத்தில் திண்டுக்கல்லில் ஆரம்பித்துத் துறைமுக வாசல் வரை ஏழு எடை மேடைகளில் வண்டி ஏற்றிப் பார்த்திருக்கிறோம். இரண்டு வருடமாக வேறெங்கும் போவதில்லை, ஒரே மேடைதான். இந்த விமர்சனம் அந்த மேடையைப் பற்றி.

மேடையின் பெயரை எழுதவில்லை. எடை மேடை என்பது உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பொறுத்தது. ஆள் மாறினால் அதே இரும்பு, அதே கம்ப்யூட்டர், ஆனால் வேறு சீட்டு. அதனால் பெயரைவிட, நான் எதைப் பார்த்து நம்பினேன் என்று சொன்னால் சென்னையில் மணலிப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் கொச்சிக்கு அனுப்புகிறவர்களுக்கும் கூட உதவும். இடம் மட்டும் சொல்கிறேன்: மதுரையிலிருந்து வரும் நான்குவழிச் சாலையில், தூத்துக்குடி நெருங்கும்போது இடது கைப்பக்கம்.

முதல் தடவை போனதே ஒரு பிரச்சினைக்குப் பிறகுதான். அதைச் சொல்லாவிட்டால் இந்த மேடையின் அருமை புரியாது. அதற்கு முன்னால் வழியில் இருந்த இன்னொரு மேடையில் லோடு வண்டியை ஏற்றி, இரண்டு நிமிடத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு போவது வழக்கம். வேகமாக வேலை முடிகிறது என்று எங்களுக்கும் சந்தோஷம். அன்றைக்குச் சீட்டில் விஜிஎம் 26,940 கிலோ என்று வந்தது, அதையே ஏஜென்ட்டுக்கு அனுப்பினோம், அவர் கப்பல் லைனுக்கு, அதாவது கப்பல் கம்பெனிக்கு, அனுப்பிவிட்டார். பெட்டி துறைமுகத்துக்குள் போனதும் டெர்மினலின் சொந்த மேடையில் 28,380 கிலோ காட்டியது. 1,440 கிலோ வித்தியாசம். பெட்டியைத் தனியாக நிறுத்திவிட்டார்கள். எடையைத் திருத்திக் கொடுப்பதற்குள் பெட்டியை ஏற்றுக்கொள்ளும் கடைசி நேரமான கட் ஆஃப் முடிந்தது, கொழும்பு வரை கொண்டுபோகிற சின்ன ஃபீடர் கப்பல் போய்விட்டது, அங்கே ஏற வேண்டிய பெரிய கப்பலும் (மதர் வெசல்) தவறிப்போனது. நெதர்லாந்தில் எங்கள் கட்டியில் தக்காளிச் செடி வைக்கக் காத்திருந்தவருக்குப் பத்து நாள் தாமதம். அவர் ஒன்றும் கடுமையாகப் பேசவில்லை, ஆனால் அடுத்த ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

எங்கே தப்பு நடந்தது என்று தேடியபோதுதான் தெரிந்தது. அந்த மேடை எடை போட்டது சரியாகத்தான் இருந்தது. லோடு வண்டி மொத்தம் 41,940 கிலோ. அதிலிருந்து டிரெய்லரின் எடையைக் கழிக்க வேண்டும் அல்லவா, அதற்கு நாற்பது அடி டிரெய்லர் என்றால் 15,000 என்று ஒரு எண்ணை எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி கழித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டியின் உண்மையான எடை 13,560 தான். இழுக்கிற வண்டி ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, பின்னால் இருக்கிற டிரெய்லரும் ஒரு மாதிரி, சிலர் கூடுதல் இரும்பு வைத்து வெல்டிங் செய்திருப்பார்கள், ஸ்டெப்னி ஒன்றா இரண்டா, தார்ப்பாய், சங்கிலி, எல்லாம் சேர்ந்து ஒன்றரை டன் அப்படியும் இப்படியும் போவது சாதாரணம். அதைவிட எனக்கு இன்றைக்கும் வருத்தம் என்னவென்றால், அந்த 26,940-இலிருந்து பெட்டிக் கதவில் எழுதியிருக்கும் 3,900-ஐ நான் கழித்துப் பார்த்திருந்தால் 23,040 வந்திருக்கும். நான் ஏற்றியது ஐந்து கிலோ கட்டி 4,800, அதுவே 24,000 கிலோ. ஒரு கழித்தல் கணக்கு. போடாமல் விட்டேன்.

அதற்குப் பிறகுதான் எங்கள் டிரைவர் இந்த மேடையைச் சொன்னார். அங்கே கம்ப்யூட்டரில் உட்காருகிற அக்கா (டிரைவர்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே) முதல் கேள்வியே "வெறும் வண்டி ஏறுன சீட்டு எங்கண்ணே?" என்பதுதான். இல்லை என்றேன். "அப்ப லோடு எடை மட்டும் போட்டுத் தாரேன். விஜிஎம்னு எழுதித் தர மாட்டேன்" என்றார். எனக்கு அன்றைக்கு அவசரம், கொஞ்சம் எரிச்சலும் வந்தது, மற்ற எல்லா இடத்திலும் தருகிறார்களே என்றும் கேட்டேன். அவர் குரல் உயர்த்தவில்லை, மாற்றிக்கொள்ளவும் இல்லை. ஆர்சி புத்தகத்தைக் காட்டுங்கள், அதில் உள்ள வண்டி எடையைக் கழித்து, டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்று பார்த்து அதையும் கழித்துத் தருகிறேன், அடுத்த தடவை பெட்டி எடுக்கப் போகும்போதே இங்கே வெறும் வண்டியை ஏற்றிவிட்டுப் போங்கள் என்றார்.

பிறகு நானே படித்துப் பார்த்தேன், அவர் சொன்னது அப்படியே சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வழிகாட்டுதலில் இருக்கிறது. வண்டியோடு சேர்த்து எடை போட்டால், பதிவுச் சான்றில் உள்ள வண்டி எடையையும் டேங்கில் இருக்கும் எரிபொருளின் எடையையும் கழிக்க வேண்டும். டீசலைச் சிறிய விஷயம் என்று நினைக்காதீர்கள். 300 லிட்டர் என்றால் ஏறக்குறைய 250 கிலோ.

இப்போது எங்கள் வழக்கம் இது. டிரெய்லர் தூத்துக்குடியில் காலிப் பெட்டியை எடுக்க யார்டுக்குப் போகும் முன், இந்த மேடையில் வெறும் வண்டியாக ஒரு தடவை ஏறும். பிறகு பெட்டியோடு பொள்ளாச்சி வந்து, லோடு ஏற்றி, சீல் போட்டு, திரும்பிப் போகும்போது இரண்டாவது தடவை. இரண்டு தடவையும் டீசல் அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒரே மேடை, ஒரே வண்டி என்பதால், மேடையிலேயே கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் அது பெரும்பாலும் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். அக்கா ஒரு நீளமான நோட்டில் வண்டி எண் வாரியாக வெறும் எடையைத் தேதியோடு எழுதி வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று கேட்டேன், நோட்டில் யாரும் அழித்து மாற்றினால் தெரியும் என்றார். போன டிரிப்பின் வெறும் எடையை வைத்து இந்த டிரிப்புக்குச் சீட்டு கேட்டால் கிடைக்காது. நான் ஒரு தடவை ஃபோனில் கேட்டே பார்த்துவிட்டேன், "வண்டி ஏறட்டும்ணே" என்று வைத்துவிட்டார்.

வண்டி மேடையில் ஏறுவதற்கு முன் திரையில் பூஜ்யம் காட்டுகிறதா என்று நம்மையும் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். டிரைவரும் கிளீனரும் இறங்கியாக வேண்டும், இஞ்சின் அணைக்க வேண்டும், சக்கரம் எல்லாம் மேடைக்குள் இருக்கிறதா என்று ஒரு பையன் சுற்றி வந்து பார்ப்பான். பெட்டி எண், சீல் எண், கதவில் உள்ள வெற்று எடை, சிஎஸ்சி தகட்டில் (பெட்டியில் பதித்திருக்கும் பாதுகாப்புச் சான்றுத் தகடு) உள்ள அதிகபட்ச எடை எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்து அனுப்புவார்கள். எங்களுக்கு வருகிற பெட்டிகளில் பெரும்பாலும் தகட்டில் 30,480 அல்லது 32,500 இருக்கும், நம் விஜிஎம் அதைத் தாண்டக்கூடாது. சீட்டில் கப்பல் லைன் கேட்கிற விவரம் எல்லாம் இருக்கும், திருப்பி அனுப்ப வேலை இல்லை.

மேடை 18 மீட்டர் நீளம், 60 டன், பத்துப் பத்துக் கிலோவாகக் காட்டும். நீளம் ஏன் முக்கியம் என்றால், சின்ன மேடைகளில் முன்பாதியை ஏற்றி ஒரு எடை, நகர்த்திப் பின்பாதியை ஏற்றி ஒரு எடை என்று போட்டுக் கூட்டுவார்கள். மேடைக்கு வெளியே தரை கொஞ்சம் ஏற்றமோ இறக்கமோ இருந்தால் பாரம் ஒரு அச்சிலிருந்து இன்னொரு அச்சுக்குச் சாயும், கூட்டி வருகிற எண் தப்பாகிவிடும். முழு வண்டியும் ஒரே தடவையில் நிற்காத மேடையில் விஜிஎம் போடாதீர்கள். நான் இங்கே ஒரு நாள் கூட்டம் இல்லாதபோது கேட்டு, லோடு வண்டியை மேடையின் முன்கோடி, நடு, பின்கோடி என்று மூன்று இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். முதல் இரண்டும் ஒரே எண், மூன்றாவது பத்துக் கிலோ கூட. முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு மேடையில் இதே சோதனையில் 120 கிலோ மாறியது, கேட்டதற்கு எலி கேபிளைக் கடித்துவிட்டது என்றார்கள். எலி கடிப்பது உண்மையாகவே நடக்கும், எடையை உணர்கிற லோடு செல்லின் வயர் எல்லாம் மேடைக்கு அடியில்தான் ஓடுகிறது. ஆனால் கடித்தது தெரிந்தும் சீட்டு போட்டுக்கொண்டிருந்தார்களே.

தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளர் கொடுத்த சான்றிதழை நம் கண்ணில் படுகிற மாதிரி சுவரில் மாட்டியிருக்கிறார்கள். எடை மேடைக்கு 12 மாதத்துக்கு ஒரு தடவை மறுமுத்திரை போட வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. எந்த மேடைக்குப் போனாலும் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். சில இடங்களில் சான்றிதழ் இருக்கும், தேதி முடிந்திருக்கும், அதில் வாங்கிய சீட்டு நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் நமக்கு உதவாது.

இருபது அடி பெட்டி அனுப்புகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரே டிரெய்லரில் இரண்டு இருபது அடி வைத்து வந்தால், மொத்த எடையில் வண்டியைக் கழித்து மீதியை இரண்டால் வகுத்து ஆளுக்குப் பாதி என்று எழுதுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. அது செல்லாது, அப்படிச் செய்யக்கூடாது என்று வழிகாட்டுதலிலேயே தெளிவாக இருக்கிறது. ஒன்றில் 18 டன், இன்னொன்றில் 12 டன் இருந்தாலும் சீட்டில் இரண்டும் 15 என்றுதானே வரும், கப்பலில் இரண்டும் வேறு வேறு அடுக்கில் போய் உட்காரும். இந்த மேடையில் அப்படிக் கேட்டு வந்த ஒரு பார்ட்டியை அக்கா திருப்பி அனுப்பியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பெட்டியை யார்டில் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக வாங்க என்றார். அன்றைக்கு அக்காவுக்குத்தான் வருமானம் போனது.

ஒரு சீட்டுக்கு ஏன் இத்தனை பாடு என்று எங்கள் யூனிட்டிலேயே கேட்டார்கள். 2011 ஜூனில் ஸ்பெயினில் அல்ஹெசிராஸ் துறைமுகத்தில் டெனெப் என்ற சின்ன ஃபீடர் கப்பல் லோடு ஏறிக்கொண்டிருக்கும்போதே கரையோரம் சாய்ந்து விழுந்தது. அதிலிருந்த 168 பெட்டிகளில் 16 பெட்டிகளின் உண்மையான எடை, சொன்ன எடையைப் போல 1.9 மடங்கில் ஆரம்பித்து 6.7 மடங்கு வரை இருந்தது. நம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகிறதும் ஃபீடர் கப்பல்கள்தான். 2007 ஜனவரியில் எம்எஸ்சி நபோலி ஆங்கிலக் கால்வாயில் புயலில் உடல் விரிசல் விட்டு, இங்கிலாந்தின் டெவன் கரையில் தட்டவைக்கப்பட்டது. மேல்தளத்தில் நனையாமல் இருந்த 660 பெட்டிகளை எடுத்து எடை போட்டதில் 137 பெட்டிகளில் மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசம், ஒரு பெட்டியில் 20 டன், மொத்தமாகக் கணக்கைவிட 312 டன் அதிகம். கப்பல் உடைந்ததற்கு எடை மட்டும் காரணம் இல்லை. ஆனால் அந்த எண்களைப் பார்த்த பிறகு யாராலும் இதைச் சும்மா விட முடியவில்லை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸில் திருத்தம் வந்து, 2016 ஜூலை 1 முதல் விஜிஎம் இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்று ஆனது.

கப்பலில் எந்தப் பெட்டி கீழே, எந்தப் பெட்டி மேலே என்று திட்டம் போடுகிறவர் நம் பெட்டியைக் கண்ணால் பார்ப்பதில்லை. நாம் கொடுத்த எண்ணைத்தான் பார்க்கிறார். கனமானது கீழே, லேசானது மேலே. என்னுடைய 28 டன் பெட்டி 26 டன் என்று போய் ஒரு அடுக்கு மேலே உட்கார்ந்தால், அந்த அடுக்குக்கு அடியில் கம்பி முறுக்கி லாஷிங் கட்டுகிற ஆள் யாரோ ஒருவர் இருக்கிறார். அந்தப் படிவத்தில் கையெழுத்து என்னுடையது. ஏஜென்ட் உடையதோ மேடைக்காரர் உடையதோ இல்லை, பொறுப்பு ஏற்றுமதி செய்கிறவருக்குத்தான் என்று விதி சொல்கிறது. இது எனக்கு உறைத்த பிறகு இரண்டு நிமிடச் சீட்டு வாங்க மனது வரவில்லை.

மேடைக்கே போகாமல் இரண்டாவது முறையில் செய்யலாமே என்று சிலர் கேட்கலாம். அதாவது ஏற்றுகிற சரக்கு, மரப்பலகை, கட்டுகிற பட்டை எல்லாவற்றையும் தனித்தனியாக எடை போட்டுக் கூட்டி, கதவில் உள்ள பெட்டி எடையைச் சேர்ப்பது. நாங்கள் ஆறு மாதம் செய்து பார்த்தோம். எங்கள் சரக்குக்கு ஒத்துவரவில்லை, செய்த விதமும் தப்பு. ஐந்து கிலோ கட்டி, ஒரு பேலட்டில் 240, இருபது பேலட் என்று பெருக்கிப் போட்டுவிட்டோம், பெருக்குவது எடை போடுவது ஆகாது. ஐப்பசி மழையில் களம் காயாமல், நார்க்கழிவில் ஈரம் கொஞ்சம் தங்கிவிட்டால் ஒரு கட்டி 5.2 கிலோ வரும், கையில் தூக்கினால் வித்தியாசமே தெரியாது. 200 கிராமை 4,800-ஆல் பெருக்கினால் 960 கிலோ, கிட்டத்தட்ட ஒரு டன். நனைந்த மரப்பேலட் கணக்கு தனி. ஒவ்வொரு பேலட்டையும் முத்திரை போட்ட பிளாட்ஃபார்ம் தராசில் ஏற்றி எழுதினால் அந்த முறை சரியாக வரும், பனியன் பெட்டி மாதிரி அளவாக இருக்கிற சரக்குக்கு அது வசதியும் கூட. நாங்கள் இப்போது பேலட்டைத் தனியாக எடை போட்டு எழுதி வைத்துக்கொள்கிறோம், ஆனால் மேடைச் சீட்டோடு ஒத்துப் பார்ப்பதற்கு மட்டும். இரண்டுக்கும் நடுவில் 100 கிலோவுக்கு மேல் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு எங்கே என்று தேடுவோம். இந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவைதான் வந்தது, அதுவும் எங்கள் பக்கம் ஒரு பேலட்டை எழுத விட்டதால்.

சரி, குறைகளும் சொல்ல வேண்டும். மற்ற இடத்தைவிட ரேட் அதிகம். இரண்டு தடவை ஏற வேண்டியிருப்பதால் எங்களுக்கு ஒரு டிரிப்புக்கு ஐந்நூறு ரூபாய் ஆகிறது, முன்பு இருநூற்றைம்பதில் முடிந்தது. சர்வீஸ் ரோட்டில் இருந்து மேடைக்குத் திரும்புகிற வளைவு குறுகல், நாற்பது அடி டிரெய்லர் ஒரே வெட்டில் திரும்பாது, பின்னால் எடுத்துத் திரும்ப வேண்டும், அந்த நேரம் சாலையில் வருகிற வண்டிகளை நிறுத்த அந்தப் பையன் ஒருவன்தான். அங்கே ஒரு எச்சரிக்கை விளக்காவது வைக்கச் சொல்லி நான் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், இன்னும் வைக்கவில்லை. மாலை ஐந்துக்கு மேல் வரிசை நீளும். டிரைவர்களுக்கு உட்கார நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது, குடிக்கத் தண்ணீர் மட்டும் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வருகிற ஆட்களுக்கு இது பெரிய குறை, இவ்வளவு நேர்மையாக நடத்துகிறவர்கள் இதையும் செய்துவிடலாம். மழை நாளில் மேடையின் ஓரத்தில் சேறு சேர்கிறது. கேட்டால் உடனே கழுவிவிட்டுப் பூஜ்யம் பார்க்கிறார்கள், ஆனால் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் குறைத்தது அந்த வளைவுக்கும் கழிப்பறைக்கும். எடைக்காகக் குறைக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. இதுவரை நாற்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகளை டெர்மினல் எடையோடு ஒத்துப் பார்த்திருக்கிறேன், அதிகபட்ச வித்தியாசம் 60 கிலோ.

போகிறவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். வெறும் வண்டியை ஏற்றாமல் லோடோடு நேராகப் போய் நிற்பதானால் ஆர்சி புத்தகத்தின் அசலைக் கையில் வைத்திருங்கள், ஃபோனில் உள்ள படத்தை அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். இரவு பத்து மணிக்கு மேல் அக்கா இருக்க மாட்டார், அவருடைய தம்பி உட்காருவார். அவரும் அதே நோட்டைத்தான் வைத்து எழுதுகிறார், நான் இரண்டு தடவை இரவில் போய்ப் பார்த்துவிட்டேன், அவரும் முதலில் கேட்டது வெறும் வண்டிச் சீட்டைத்தான்.